துறை தெளியாத முதலாண்டு: அளவெட்டியை முன்வைத்து ஒரு வாதம்

இலங்கையில் ஒரு மாணவரின் துறை பல்கலைக்கழகத்தில் தீர்மானமாவதில்லை. சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடன், பதினாறு பதினேழு வயதில், அவர் கணிதம், உயிரியல், வர்த்தகம், கலை, 2013க்குப் பின் தொழில்நுட்பம் என ஏதோவொரு பிரிவுக்குள் போய்விடுகிறார். மிச்சத்தை உயர்தரப் பரீட்சையின் இசெட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் முடித்துவைக்கின்றன. யாழ்ப்பாணத்து அளவெட்டிக் கிராமத்திலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்கு பஸ் ஏறும் முதலாண்டு மாணவர் தன் நாட்டம் எதுவெனத் தெரியாமல் நின்றால் அது அவர் குறையன்று. அந்தக் கேள்வியை அதுவரை எவரும் அவரிடம் பொறுமையாகக் கேட்டதில்லை.

இதே ஊரில் 1960இல் பிறந்த கவிஞர் சேரனின் கல்விப் பாதை இங்கு கவனிக்கத்தக்கது. கவிஞர் மஹாகவியின் மகனான அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்றார். 1984இல் 'சற்றர்டே ரிவியூ' பத்திரிகையில் சேர்ந்தார். பின்னர் ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, வின்சர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உயிரியல் கற்ற ஆண்டுகள் வீணாயின என்று இதை வாசிக்கக் கூடாது. அவரது புலம்பெயர்வுக்குப் போர் பெருங்காரணம் என்பதும் உண்மை. ஆயினும், போர் ஓய்ந்த பின்னரும் உயிரியலிலிருந்து சமூகவியலுக்குக் கடக்க விரும்பும் ஒருவருக்கு இங்குள்ள வாசல் மிக ஒடுக்கமானது.

கலைப்பீடத்தில் அந்த வாசல் சற்றே திறந்திருக்கிறது. முதலாண்டில் சில பாடங்களைக் கற்ற பின்னரே சிறப்புக் கற்கைக்குத் தெரிவு நடைபெறும். ஆனால் எந்தப் பாடத்தில் புள்ளி இலகுவாக வரும், எதற்கு ஆசிரியர் நியமனம் கிடைக்கும் என்ற பேச்சே அத்தெரிவை ஆளுகிறது. அமெரிக்க ஆய்வாளர் வேர்ஜினியா கோர்டன் 1984இல் வெளியிட்ட நூலில், துறை தெளியாதோர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர் என்று காட்டினார். தகவல் போதாதவருக்கும் வீட்டாரின் விருப்பத்துக்கு அஞ்சுபவருக்கும் ஒரே கருத்தரங்கை நடத்திப் பயனில்லை. பின்னவருக்கு வேண்டியது, தனியே உட்கார்ந்து கதைக்க ஓர் ஆசிரியர்.

தகவல் போதாதவருக்கு ஊரே பாடசாலையாகலாம். தவில் மேதை தட்சணாமூர்த்தியும் நாதஸ்வரக் கலைஞர் பத்மநாதனும் வாழ்ந்த ஊர் அளவெட்டி. அங்கே தொழிலை அருகிருந்து பார்த்துப் பழகிய பின்னரே பிள்ளைகள் அதில் இறங்கினர். செம்மண் தோட்டக்காரர், விவசாயப் போதனாசிரியர், கூட்டுறவுச் சங்க முகாமையாளர் ஆகியோருடன் சில நாட்கள் இருந்து, கண்டதை எழுதிக்கொண்டு வருவதை முதலாண்டின் புள்ளிக்குரிய பாடமாக்க வேண்டும் என்பதே என் முன்மொழிவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மடத்து இராமநாதன் பீடத்தில் இசை, நடனம் கற்க விரும்புவோருக்கு இசெட் புள்ளியோடு திறன்காண் பரீட்சையும் உண்டு. புள்ளி மட்டும் நாட்டத்தைக் காட்டாது என்பதை எமது முறைமை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இடங்கள் அரிதான நாட்டில் தேடலுக்கு ஓர் ஆண்டு கொடுப்பது ஆடம்பரம் என்பர். விருப்பமின்றிப் பட்டத்தை முடித்து, பின்னர் வேறு டிப்ளோமாவுக்குக் குடும்பம் பணம் கட்டுவதே எனக்குப் பெரிய விரயமாகத் தெரிகிறது. தொழில் வழிகாட்டலை இறுதியாண்டு நேர்முகத் தேர்வுப் பயிற்சியாகச் சுருக்கிவிடாமல், சிறப்புக் கற்கைக்கான விண்ணப்பம் மாணவர் கைக்கு வருமுன்னரே தொடங்க வேண்டும்.