கிளட்ச்: நாலு வழி, நாலு விலை

எஞ்சின் பவரை ஏத்தியாச்சு. நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினா ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வண்டி வேகம் பிடிக்க மாட்டேங்குது. கூடவே கருகல் வாடை. கிளட்ச் வழுக்குதுன்னு அர்த்தம். 'இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கானதைப் போடு' என்பார்கள். போடலாமா? கொஞ்சம் வரலாற்றைப் பார்த்துட்டு வருவோம்.

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பதை நாலு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தட்டின் விட்டம், அழுத்தும் விசை, உராய்வுப் பொருள், உரசும் பரப்புகளின் எண்ணிக்கை. நூறு வருஷத்துக்கும் மேலான கிளட்ச் வரலாறே இந்த நாலில் ஏதாவது ஒன்றைக் கூட்டிப் பார்த்த கதைதான்.

ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் தோல் போர்த்திய கூம்பு கிளட்ச் இருந்தது. தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடிக்கும், எண்ணெய் தடவணும். எண்ணெய் கூடினால் வழுக்கும். அப்போ ஃபுல்லர்ஸ் எர்த் தூவுவார்கள். ஆமாம், நம்ம முகத்துக்குப் பூசுற முல்தானி மட்டி வகைதான்!

பிறகு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சூட்டை நன்றாகத் தாங்கியது. ஆனால் விலை கொடுத்தவர் மெக்கானிக். கிளட்ச் ஹவுஸிங்கில் சேர்ந்த தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது அந்த நார்கள் அவருடைய நுரையீரலுக்குள் போயின. பிரிட்டனில் முழுத் தடை வருவதற்கு 1999 ஆகிவிட்டது.

விசையைக் கூட்டும் வழியில் பெடல் கனக்கும். கிராங்க்ஷாஃப்டின் த்ரஸ்ட் பேரிங்கும் அந்தச் சுமையைத் தாங்கணும். சுருள் ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக டயாஃப்ரம் ஸ்பிரிங் வந்ததும் பெடல் ஓரளவு லேசானது. அதிக ஆர்பிஎம்மில் சுருள் ஸ்பிரிங் வளைந்து பிடி தளர்வது போன்ற சிக்கலும் இதில் இல்லை.

பரப்புகளைக் கூட்டியதற்கு நல்ல உதாரணம், 2003-ல் வந்த போர்ஷே கரேரா ஜிடி. 612 குதிரைத்திறன் கொண்ட வி10 எஞ்சினுக்கு வெறும் 169 மில்லிமீட்டர் விட்டத்தில் இரட்டைத் தட்டு செராமிக் கிளட்ச். தட்டு சிறுசானதால் எஞ்சினைத் தரைக்கு நெருக்கமாக வைக்க முடிந்தது. ரேஸ் டிராக்கில் அற்புதம். ஆனால் சிக்னலில் கிளப்பும்போது, தேர்ந்த ஓட்டுநர்களிடமே எஞ்சின் பொசுக்கென்று நின்றுபோகும்.

ஆக, இலவசப் பிடிமானம் என்று ஒன்று கிடையாது. உங்க எஞ்சின் நிஜமாகவே தருகிற டார்க்கை டைனோவில் அளந்து, அதற்குமேல் கொஞ்சம் இடம் விட்டுத் தேர்வு செய்யுங்க. தினமும் டிராஃபிக்கில் ஓட்டுகிற வண்டி என்றால் ஆர்கானிக் தட்டும் சற்றே கூடுதல் விசையும் பெரும்பாலும் போதும். செராமிக், சிண்டர்டு பட்டைகள் கொண்டவை வெடுக்கென்று பிடிக்கும். டிராக்குக்குத்தான் அவை பொருத்தம்.

இன்னொன்று: வழுக்குகிற கிளட்ச் ஒருவகையில் ஃப்யூஸ் மாதிரி. அது கொஞ்சமும் விட்டுக்கொடுக்காவிட்டால், அடி அடுத்துள்ள கியர்பாக்ஸுக்கோ ஆக்ஸிலுக்கோ போகும். எது உடைந்தால் பரவாயில்லை என்று முதலில் முடிவு பண்ணுங்க. கிளட்ச்சை அப்புறம் வாங்கலாம்.