அடைத்த கணப்பு

கணப்பின் வாயைப் பலகையாலோ செங்கல்லாலோ அடைத்தார்கள். அதற்கு மேலே, புகைபோக்கியின் சுவரில் வட்டமாக ஒரு துளை. வார்ப்பிரும்பு அடுப்பிலிருந்து கிளம்பும் குழாயை அதில் செருகி, சுற்றிலும் காரை பூசினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வீடு வீடாக நடந்தது இது. விறகு மிச்சமான கதை என்றே இதைச் சொல்லிவந்தார்கள். மிச்சமானது உண்மைதான். யாருக்கு மிச்சம்?

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூலில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். மரம் வெட்டுவதும் பிளப்பதும் சுமப்பதும் பெரும்பாலும் ஆண்களின் வேலை. அடுப்பு வந்ததும் அது குறைந்தது. நிலக்கரியைக் காசுக்கு வாங்கத் தொடங்கிய வீடுகளில் ஏறக்குறைய இல்லாமலே போனது. சமையல் பெண்களுடையது, அது கூடியது. கணப்பில் ஒரே பானையில் கொதித்த சாப்பாடு போய், அடுப்பின் மேல் இரண்டு மூன்று பாத்திரமும் உள்ளே ரொட்டியும் ஒரே நேரத்தில் வேக வேண்டும் என்றாயிற்று.

புகைபோக்கியும் அவள் கவலையானது. திறந்த கணப்புக்காகக் கட்டிய பழைய புகைபோக்கிகள் மிக அகலமானவை. அடுப்பிலிருந்து வரும் புகையோ கொஞ்சம். அகன்ற கூட்டுக்குள் போனதும் அது ஆறிவிடும். ஆறிய புகை மேலே ஏறாது. விறகு எப்படியோ எரிந்துவிடும். நிலக்கரிக்கு அடியிலிருந்து காற்று இழுபட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இழுவை குறைந்தால் நெருப்பு அணையும், அல்லது மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். பனிக்காலத்தில் சன்னல்களும் மூடியிருக்கும். குழாயிலுள்ள தகட்டைத் திருகித் திருகி இழுவையைச் சரிபார்த்தவள் சமையலறையில் நின்றவள்தான்.

கேத்தரின் பீச்சரும் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் 1869இல் எழுதிய ‘தி அமெரிக்கன் வுமன்ஸ் ஹோம்’ நூலில் அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் என்றே ஓர் அத்தியாயம் உண்டு. இல்லத்தரசிக்கு இந்தப் பொறியியல் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்த கேத்தரின், அவளுக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்றார்! அந்த முரண் அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை.

1899இல் பாஸ்டனிலிருந்த ஓர் இல்லப் பராமரிப்புப் பள்ளி, நிலக்கரி அடுப்பொன்றின் ஆறு நாள் வேலையை அளந்தது. நெருப்பைப் பார்த்துக்கொள்ள 1 மணி 48 நிமிடம். சாம்பல் சலிக்க 20, கொட்ட 30, நெருப்பு மூட்ட 24, கரி சுமக்க 15 நிமிடம். துருப்பிடிக்காமலிருக்கக் கறுப்பு மெருகு தேய்க்க மட்டும் 2 மணி 9 நிமிடம். மொத்தம் ஐந்தரை மணியை நெருங்குகிறது. இதில் ஒரு நிமிடம்கூடச் சமையல் இல்லை. போட்ட கரி 292 ராத்தல், அதாவது சுமார் 132 கிலோ.

வசதியான வீட்டு எஜமானிகள் இந்தக் கரியைத் தொட்டதில்லை. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் அது பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த வேலைக்காரப் பெண்களின் கையில் இருந்தது. வீட்டில் யாரும் எழுவதற்கு முன்பே எழுந்து, நேற்றைய சாம்பலை வாரி, எரியாத கரித்துண்டுகளைப் பொறுக்கித் திரும்ப அடுப்பில் போட்டவர்கள் அவர்கள்.