இரட்சிப்பை இழத்தல்: இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைக் கிறிஸ்தவ மரபு

ஞானஸ்நானம் பெற்று விசுவாசத்தில் நின்ற ஒருவர் பிற்பாடு தம் இரட்சிப்பை இழக்கக்கூடுமா என்பது கிறிஸ்தவ இறையியலின் பழைய வழக்குகளுள் ஒன்று. இழக்கலாம் என்பவர்கள் எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 6, 10 ஆகிய அதிகாரங்களில் உள்ள எச்சரிக்கைகளைக் காட்டுவார்கள். இழக்க முடியாது என்பவர்கள் யோவான் சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தையும் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தையும் திறந்து வைப்பார்கள். தொண்டி முதல் தனுஷ்கோடி வரையிலான கரையில் இந்த வழக்கு முதலில் பட்டிமன்றமாக வரவில்லை. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும், மறவர் நாட்டு அரசரான சேதுபதியின் விசாரணையிலும், கடலில் மாண்டவர்களின் வீடுகளிலும்தான் அது நடந்தது.

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் வந்து செபங்களை மனப்பாடமாகக் கற்றுக்கொடுத்தார். ஞானஸ்நானம் எளிதாகவே கிடைத்தது. அதன் பிறகு செய்யும் பாவத்துக்கு என்ன வழி என்பதே மீதமிருந்த கேள்வி. 1547 ஜனவரியில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது. விசுவாசத்தை மறுதலித்தால்தான் தேவ இஷ்டப்பிரசாதம், அதாவது இரட்சிப்புக்கு வேண்டிய தேவ அருள், போகும் என்பதில்லை. விசுவாசம் மனத்தில் இருந்தாலும் சாவான பாவம் என்னும் பெரும்பாவம் ஒன்று போதும், அது போய்விடும். போனதைப் பாவசங்கீர்த்தனத்தால் திரும்பப் பெறலாம். திருச்சபையின் பழைய ஆசிரியர்களிடமிருந்து சங்கம் ஓர் உவமையையும் எடுத்துக்கொண்டது: ஞானஸ்நானம் கப்பல் என்றால், கப்பல் உடைந்தவன் பற்றிக்கொள்ளும் இரண்டாவது பலகை பாவசங்கீர்த்தனம். பாம்பன் கால்வாயின் சுழலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் உரை தேவையில்லை.

அதே 1547இல் இந்தக் கரையில் வேலையைத் தொடங்கியவர் அன்றீக்கு அடிகளார் (என்றிக்கே என்றீக்கஸ், 1520–1600). அதுவரை குருக்கள் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மக்களிடம் பேசினார்கள். அடுத்தவர் காதுபடத் தன் பாவத்தைச் சொல்ல யார்தான் முன்வருவார்? அன்றீக்கு தமிழைப் படித்து இலக்கணமும் எழுதினார். கொல்லத்தில் 1578இல் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ பெயர்பெற்றது. 1580இல் கொச்சியில் அச்சான ‘கொம்பெசியோனாயரு’ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் இந்தப் பொருளுக்கு அதுவே முக்கியமான நூல்; பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தும் கையேடு அது. இழந்த இரட்சிப்பை எப்படி மீட்பது என்று தமிழில் அச்சேறிய முதல் வழிகாட்டி என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

இழந்ததை மீட்கும் இந்த வழிக்கு மறுமுனையில், இழக்காமலே உயிரைக் கொடுக்கும் மறைசாட்சியம் இருந்தது. 1544இல் மன்னாரில், சவேரியார் அனுப்பியவரிடம் ஞானஸ்நானம் பெற்ற ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1549இல் அந்தோனி கிரிமினாலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு விசயநகரப் படையினரால் கொல்லப்பட்டார். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களிடம் போர்த்துக்கீசியர் வரி கேட்டு வழிமறித்ததே அந்தச் சண்டைக்குக் காரணம்; சமயப் பகை என்று மட்டும் அதை எழுதுவது சரியல்ல. பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றுவதற்காகக் கரையிலேயே நின்றதால் அவர் அகப்பட்டார். இறுதிவரை நிலைத்திருப்பது ஒரு கொடை என்றும், அது தனக்குக் கிடைக்கும் என்று தேவனே வெளிப்படுத்தினாலொழிய எவரும் உறுதியாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்றும் திரிதெந்து கற்பித்தது. மறைசாட்சிகளின் முடிவை ஐயமில்லாதது என்று கத்தோலிக்கர் போற்றுவது இதனால்தான்.

அருளானந்தர் என்று மக்கள் அழைத்த ஜான் தெ பிரித்தோவின் (1647–1693) வரலாற்றில் இந்தக் கேள்வி அரசியலோடு பிணைந்தது. 1686இல் மறவர் நாட்டில் அவரும் உடனிருந்த உபதேசியார்களும் பிடிபட்டார்கள். சிவனை வணங்கச் சொல்லிச் சித்திரவதை நடந்தது. ஒரு சொல் சொன்னால் உயிர் மிஞ்சும் என்ற நிலை. மூன்றாம் நூற்றாண்டில், உரோமைப் பேரரசன் டேசியஸ் காலத்தில், உரோமைத் தெய்வங்களுக்குத் தூபமிட்டு உயிர் தப்பிய கிறிஸ்தவர்களை மீண்டும் சேர்க்கலாமா என்று கார்த்தேஜில் எழுந்த சச்சரவும் இப்படிப்பட்ட நிலையில் மறுதலித்தவர்களைப் பற்றியதுதான். தவம் செய்தபின் சேர்க்கலாம் என்று அங்கே முடிவானது. அருளானந்தரை இரகுநாத கிழவன் சேதுபதி விடுதலை செய்தார். இனி மறவர் நாட்டில் போதிக்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஐரோப்பா போய்த் திரும்பி வந்த அருளானந்தர் போதனையை விடவில்லை. சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் நோயிலிருந்து குணமடைந்து 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்க வேண்டும் என்பதே அதற்கு முன் வைக்கப்பட்ட விதி. ஞானஸ்நானம் பெற்ற மறுநாளே பழைய வாழ்க்கைக்குத் திரும்பினால் பெற்றதை இழந்தவராவார் என்ற எண்ணம்தான் அந்த விதிக்குள் இருந்தது. விலக்கப்பட்டவர்களில் ஒருவரான கடலாயி சேதுபதிக்கு நெருங்கிய உறவு. அவர் அரண்மனைக்குப் போய் முறையிட்டார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். கைவிடப்பட்ட அந்தப் பெண்ணின் பக்கம் நின்று இதை எழுதியவர்கள் குறைவு. அருளானந்தர் வரலாற்றில் அது ஒரு குறைதான். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. ஓரியூரின் செம்மண்ணை யாத்திரிகர்கள் இன்றும் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

கடல்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. சாவான பாவத்தோடு வள்ளம் ஏறியவர் புயலில் போனால் என்ன ஆவது? நடுக்கடலில் குரு கிடையாது, சாகும் தறுவாயில் பெறும் அவஸ்தைப்பூசுதல் கிடையாது. உத்தம மனஸ்தாபம் என்ற போதனை இங்கேதான் கைகொடுக்கிறது. நரகத்துக்குப் பயந்து வருந்தினால் அது போதாது. தேவனை நேசிப்பதால், அவரை நோகச் செய்தோமே என்று வருந்த வேண்டும். பிறகு வாய்ப்புக் கிடைக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்கிறேன் என்ற தீர்மானமும் வேண்டும். அப்படி வருந்தினால் குரு இல்லாமலேயே இஷ்டப்பிரசாதம் திரும்பும் என்று 1551இல் திரிதெந்து உறுதிசெய்தது. உத்தம மனஸ்தாப மந்திரத்தை ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சில வரிகள் அலைமேல் போகிறவருக்குக் கடைசி மருந்து. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது மாண்டவர்களின் ஆன்மா என்னவாயிற்று என்று திருச்சபை தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லவும் சொல்லாது; ஒருவர் மோட்சத்தில் இருக்கிறார் என்று அது அறிவிப்பதுண்டு, நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லி அறிவித்ததில்லை.

சீர்திருத்த சபைகள் வந்தபின் வழக்கு வேறு உருவெடுத்தது. தரங்கம்பாடி லுத்தரன்களை எதிர்த்துக் கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ எழுதினார். ஆனால் இரட்சிப்பை இழக்கலாம் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பவர்களைக் கண்டிக்கிறது. இரு தரப்பின் சண்டை எதனால் இரட்சிப்பு என்பதைப் பற்றியது. இழக்கவே முடியாது என்பது கால்வின் வழி வந்தவர்களின் கொள்கை. 1618–19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரச் சங்கம் அதை உறுதிப்படுத்தியது. தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர் விழுந்தாலும் முழுதாக விழமாட்டார், விழுந்தே போனவர் தொடக்கத்திலேயே மெய்யான விசுவாசியாக இருந்திருக்க மாட்டார் என்பது அவர்கள் வாதம். இதற்கு மறுப்பாக ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகள் மெய் விசுவாசியும் விழக்கூடும் என்றார்கள்.

1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், கால்வின் வழியில் வந்த பிரஸ்பிட்டேரியர், கொங்கிரிகேஷனல் சபையார் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். மதுரை–இராமநாதபுரம் திருமண்டலம் அந்தக் கூரையின் ஒரு பகுதி. ஆகவே இந்தக் கேள்விக்கு அங்கே கட்டாயமான ஒற்றைப் பதில் கிடையாது. போதகரைப் பொறுத்துப் பிரசங்கம் மாறும்.

‘ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் என்றென்றைக்கும்’ என்பதைத் தமிழ்நாட்டில் வலியுறுத்துபவர்கள் பெரும்பாலும் பிரதரன் சபையார். பெந்தெகொஸ்தே சபைகள் பொதுவாக அதற்கு எதிர்ப்பக்கம். 1920களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷன் பரிசுத்த வாழ்வை மிகக் கண்டிப்பாகப் போதித்தது. அங்கே ‘பின்மாற்றம்’ என்பது அடிக்கடி காதில் விழும் சொல். குடி, சினிமா, உலக வழக்கம் எதிலேனும் திரும்பியவரைப் பின்மாற்றக்காரர் என்பார்கள். கூட்டத்தில் முன்வந்து அழுது ஒப்புக்கொடுத்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள்.

நடைமுறையில் வேறுபாடு தெரிவது ஞானஸ்நானத்தில். கத்தோலிக்கத் திருச்சபை முறையாகப் பெற்ற ஞானஸ்நானத்தை இரண்டாம் முறை கொடுப்பதில்லை. சபை மாறிப் போய்ப் பல ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறவரும் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும். கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவருக்கோ, குழந்தைப் பருவத்தில் பெற்றது கணக்கில் சேராது. கடலிலோ குளத்திலோ முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாக வேண்டும்.