தேவிகுளத்து இடைத்தேர்தல்

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடே நின்றன. தென்திருவிதாங்கூர்த் தமிழரின் நெடிய போராட்டம் அம்மலைகளை மீட்கவில்லை.

1957 தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி 126 இடங்களில் 60 பெற்று, சுயேச்சையர் ஐவர் துணையுடன் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் ஆட்சி அமைத்தது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்தலோ செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. நூலிழைப் பெரும்பான்மைக்கு ஓரிடமும் பெரிதன்றோ? 1958 இடைத்தேர்தலில் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே தமிழ்ப் பாட்டிசைத்து வாக்குக் கேட்டார். ரோசம்மா மீண்டும் வென்றார்.

1959 சூலை 31இல் மைய அரசு அவ்வாட்சியைக் கலைத்தது. எனினும், எல்லை வகுத்தபோது குரல் எடுபடாத மக்கள், மலையாள நாட்டு ஆட்சிக்கே தம் வாக்கால் வலுவூட்டினர் என்பது மறக்கலாகாத வரலாறு.