லினக்ஸில் வைஃபை வன்பொருள் ஆதரவு

வைஃபை அட்டைகளை லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கவைக்கும் டிரைவர்கள், ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றப்படும் நிரல்), கட்டமைப்புக் கருவிகள் ஆகியவற்றின் தொகுப்பு. சிப்பின் உள்விவரங்களை வெளியிட நிறுவனங்கள் தயங்கியதே இத்துறையின் வரலாற்றை வடிவமைத்தது.

தொடக்கம்: 1996இல் ஹெச்பி நிறுவனத்தின் ஆதரவுடன் ஜான் தூரில்ஸ் உருவாக்கிய ‘வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்’, கம்பியில்லா அட்டைகளுக்கு லினக்ஸில் பொதுவான கட்டளைமுறையைத் தந்தது. 1999க்குப் பின் 802.11பி அட்டைகள் பரவின. பல நிறுவனங்கள் விண்டோஸ் டிரைவரை மட்டுமே வழங்கின. அதையே லினக்ஸுக்குள் ஏற்றி இயக்கிய என்டிஸ்ராப்பர் 2003இல் வந்தது. அட்டை வேலை செய்தது. ஆனால் மூலநிரல் கையில் இல்லாததால் டிரைவரின் பிழைகளைத் திருத்த வழியில்லை.

மீள்பொறியியல்: பிராட்காம் சிப்புகளுக்குத் தன்னார்வலர்கள் இரு குழுக்களாகப் பிரிந்து உழைத்தனர். ஒரு குழு மூடிய டிரைவரை ஆராய்ந்து விவரக்குறிப்பு எழுதியது; மற்றது அக்குறிப்பை மட்டும் வைத்துப் புது நிரல் எழுதியது. பதிப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. 2006இல் அந்த டிரைவர், லினக்ஸின் மையநிரலான கெர்னலின் 2.6.17 பதிப்பில் சேர்ந்தது. ஆனாலும் ஃபர்ம்வேரைப் பயனர்கள் மூடிய டிரைவரிலிருந்து தாங்களே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

நிறுவனங்களின் மனமாற்றம்: 2007 ஜூலையில் வெளியான 2.6.22 கெர்னலில் மேக்80211 என்ற பொது அடுக்கு இடம்பெற்றது. ஒவ்வொரு டிரைவரும் ஒரே வேலையைத் தனித்தனியே எழுதும் நிலை குறைந்தது. 2008இல் சிப் நிறுவனமான ஏத்தெரோஸ், ஏத்9கே டிரைவரின் மூலநிரலைத் தானே வெளியிட்டது. 2010இல் பிராட்காமும் அவ்வழிக்கு வந்தது.

இந்தியாவில்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைத் திறந்தவெளியிலும் உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. 2007இல் மும்பையை அடுத்த ராய்கட் மாவட்டத்தின் கைராட் கிராமப் பள்ளிக்கு, ‘குழந்தைக்கொரு மடிக்கணினி’ திட்டத்தின் எக்ஸ்ஓ கணினிகள் வந்தன. லினக்ஸில் இயங்கிய இவற்றில் மார்வெல் நிறுவனத்தின் வைஃபை சிப் இருந்தது. இடையில் ரூட்டர் இல்லாமலே கணினிகள் ஒன்றோடொன்று வலைப்பின்னலாக இணைய முடிந்தது. முதன்மைச் செயலி உறங்கும்போதும் பிறர் அனுப்பும் தரவைச் சிப்பே கடத்தும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. அந்தத் திறனைத் தந்த ஃபர்ம்வேர் மூடியதாகவே இருந்ததால், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அதைக் குறைகூறினர். செம்பூரை அடுத்த மான்குர்தில் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ஆய்வாளர்கள், கைராட் மாணவர்களின் கணினிப் பயன்பாட்டைப் பின்னர் ஆராய்ந்தனர்.

2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் இந்தியாவில் உரிம விலக்குப் பெற்றது. இத்தகைய விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவதால், எந்த நாட்டில் எந்தச் சேனலுக்கு எவ்வளவு திறன் அனுமதி என்பதை லினக்ஸ் தனித் தரவுத்தளமாக வைத்திருக்கிறது. நாட்டுக் குறியீடு சரியாக அமையாவிட்டால் சில சேனல்கள் கிடைக்காமல் போகலாம்.

இன்றைய நிலை: டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலுடனேயே வருகின்றன, மூடிய பகுதி ஃபர்ம்வேருக்குள் ஒதுங்கிவிட்டது. மூடிய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காதிருந்த டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டுத் திட்டம், 2022இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்திக் கொள்கையை மாற்றியது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல், நிறுவும்போதே வைஃபையுடன் இணைவது எளிதானது.