களை எடுக்கிற கையும் கணக்கு எடுக்கிற பட்டையும்

போன பொங்கலுக்குப் பாலக்கோடு பக்கத்துல இருக்குற அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை கையில ஒரு கறுப்புப் பட்டை. பெங்களூருல வேலை பார்க்கிற பையன் வாங்கிக் கொடுத்ததாம். அம்மா எத்தனை அடி நடந்தாங்க, எவ்வளவு நேரம் தூங்கினாங்கன்னு அவன் அங்கிருந்தே போன்ல பார்த்துக்குவான்.

"நாள் பூரா குத்தவச்சு களை எடுத்தேன் கண்ணு. பொழுது சாய போன் பண்ணி, ஏம்மா இன்னிக்கு எந்திரிக்கவே இல்லையா, உடம்பு சரியில்லையாங்கறான்"னு சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். ஆனா ஊருக்குத் திரும்பி வந்தும் அது மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்தது. நடந்தா தெரியுது, களை எடுத்தா தெரியலை. ஏன்? தேடிப் பார்த்தா கதை 150 வருஷம் பின்னால போகுது.

1873ல பிரான்சு நாட்டு எத்தியேன் ழூல் மாரே உயிர்களோட அசைவு பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதுல ஒரு செருப்பு வருது. அடியில காத்துப்பை, அதுலேர்ந்து ரப்பர் குழாய், கையில சுத்துற உருளை. கால் தரையில அழுந்தும்போதெல்லாம் உருளையில ஒரு கோடு விழும். உடம்பில் கட்டின கருவி, ஆள் என்ன செய்றான்னு தானே எழுதிக்கொண்டது அப்பவே நடந்துடுச்சு.

1965ல ஜப்பான்ல 'மன்போ-கெய்'னு ஒரு அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. அர்த்தம், பத்தாயிரம் அடி மானி. இன்னிக்கு எல்லாரும் வேதவாக்கா சொல்ற 10,000 அடிக் கணக்குக்கு மூலம் மருத்துவ ஆராய்ச்சி இல்லீங்க, இந்தச் சரக்கோட பேர்தான் :-)

அப்புறம் காரில் காற்றுப்பை விரியறதுக்காக 1990களில் பெருகின சின்ன முடுக்கமானிச் சில்லுகள் மெல்ல போனுக்கும் கைக்கும் வந்து சேர்ந்தன. 2004ல அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 20 பேர் உடம்பில் ஐந்து இடத்தில் இதைக் கட்டி, 20 செயல்களைக் கணினிக்குப் பழக்கினாங்க. சுமார் 84 சதவீதம் சரியாச் சொல்லிச்சு. அந்தப் பட்டியல்ல பல் தேய்க்கிறது, துணி மடிக்கிறது, லிப்டில் போறது, எஸ்கலேட்டரில் போறது எல்லாம் உண்டு. களை இல்லை.

உடம்பில் எதையும் கட்டாம வீட்டையே கேட்கலாம்னு இன்னொரு வழி. அதே 2004ல, அதே எம்.ஐ.டி. ஆட்கள் ரெண்டு வீட்டுக் கதவு, அலமாரி, குளிர்பெட்டியில் 77ம் 84ம் உணரிகள் ஒட்டி ரெண்டு வாரம் பார்த்தாங்க. ஒரு வீட்டில் 30 வயசுப் பெண், இன்னொண்ணுல தனியா வாழ்ந்த 80 வயசுப் பாட்டி. பாட்டின்னதும் எனக்கு அத்தை ஞாபகம்தான்.

இந்த ரெண்டு வழியையும் சேர்த்தது 2009ல ஐரோப்பாவில் ஆரம்பிச்ச 'ஆப்பர்ச்சூனிட்டி' திட்டம். உணரி இன்ன இடத்தில்தான் இருக்கணும்னு அடம்பிடிக்கக் கூடாது, ஒண்ணு கழண்டா இருக்கிறதை வச்சு ஒப்பேத்தணும், புதுசா வந்த உணரிக்குப் பழைய உணரியே பாடம் சொல்லித் தரணும்ங்கிறது அவங்க கொள்கை. நல்ல யோசனைதான். சோதனைக்கு ஒரு சமையலறையில் 72 உணரிகள். மக்கள் அங்கே என்ன செஞ்சாங்க தெரியுமா? இயந்திரத்தில் காபி போட்டாங்க, ரொட்டியில் சலாமியும் சீஸும் வச்சுச் சாப்பிட்டாங்க. எங்க அத்தை கேழ்வரகுக் களியைத் துடுப்பு போட்டுக் கிண்டுறதை அந்தச் சமையலறை பார்த்ததே இல்லை.

கருவி செய்றது இவ்வளவுதான். அசைவைச் சில வினாடித் துண்டுகளா வெட்டி, முன்னாடி பழகின அலைகளோட ஒப்பிடும். பழகாததைத் தனக்குத் தெரிஞ்ச எதிலாவது அடைக்கும், இல்லேன்னா சும்மா இருக்கிறதா எழுதிடும். உலகம் பூரா ஆய்வாளர்கள் எடுத்தாளுற இன்னொரு தரவுத் தொகுப்பு இத்தாலியின் ஜெனோவாவில் எடுத்தது. 30 பேர், வயசு 19லேர்ந்து 48 வரை, ஆறே செயல்கள்: நடக்கிறது, படி ஏறுறது, இறங்குறது, உட்கார்றது, நிக்கிறது, படுக்கிறது.

நம்ம தர்மபுரிக்கு வாங்க. நிலத்தடி நீர்ல புளோரைடு அதிகம்னு பேர்போன மாவட்டம். அதுக்காகத்தான் ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008ல அடிக்கல் நாட்டி 2013ல தொடங்கப்பட்டது. தண்ணி மாறினாலும், பல வருஷம் பழைய தண்ணி குடிச்சு இறுகிப்போன மூட்டு பழையபடி ஆகிடாது. எலும்பு புளோரோசிஸ் இருக்கான்னு சந்தேகிக்க எளிய சோதனைகள் உண்டு: குனிஞ்சு கால் விரலைத் தொடு, தாடையை நெஞ்சில் வை, கையைப் பின்னந்தலைக்குக் கொண்டு போ. கருவியே வேணாம், பார்க்கிற கண்ணு போதும். அப்படி இறுகின மூட்டோட நடக்கிற நடையும் ஜெனோவாக்காரங்க நடையும் ஒண்ணா? நாளைக்கு வயசானவங்க விழுந்தாங்களா இல்லையான்னு இந்தக் கருவிகளை நம்பி இருக்கப்போறோம்னா, யார் உடம்பை வச்சு அதுக்குப் பாடம் எடுத்தோம்ங்கிறது சின்ன விஷயமில்லை.

பையனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்: பட்டையைப் பாரு, வேணாம்னு சொல்லலை. ஆனா முதல்ல "இன்னிக்கு என்ன வேலைம்மா"ன்னு கேட்டுட்டுப் பாரு.

சரி மக்களே, உங்க ஊர்ல எந்தப் பட்டையும் கண்டுபிடிக்க முடியாத வேலை எது? முறத்தில் புடைக்கிறது, புளி தட்டுறதுன்னு நான் ஒரு பட்டியல் வச்சிருக்கேன். பின்னூட்டத்தில் உங்களோடதையும் போட்டுட்டுப் போங்க.