தமிழ்ப் படைவீரர்கள்: மூன்று காலங்கள்

தமிழ்ப் படைவீரர்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அரசுகளுக்காகப் போரிட்டனர். அவர்களைப் பற்றிய நினைவும் போருக்கேற்ப வேறுபட்டது.

சுபேதார் சுப்பிரமணியன் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டப் பகுதியைச் சேர்ந்தவர். பிரித்தானிய இந்தியப் படையின் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் பணியாற்றினார். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது பாய்ந்து படுத்து, உடனிருந்த வீரர்களைக் காத்து உயிர்நீத்தார். இதற்காக ஜார்ஜ் சிலுவை விருது பெற்றார். எனினும் அந்நியர் ஆட்சியில் நடந்த போரின் வீரரான அவரது பெயரைத் தமிழகத்தில் அறிந்தோர் குறைவு.

மும்பையில் பிறந்த தமிழரான மேஜர் இராமசாமி பரமேசுவரன் இந்திய அமைதிப்படையில் இலங்கை சென்றார். 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார். இறக்கும்வரை தம் வீரர்களை வழிநடத்தினார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. ஆனால் அப்போரை ஈழத்தமிழருக்கு எதிரானதாகவே தமிழகத்தில் பலர் கருதினர். 1990 மார்ச்சில் சென்னை திரும்பிய அமைதிப்படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை.

மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் வீரமரணமடைந்தார். அவருக்கு அசோகச் சக்கரம் வழங்கப்பட்டது. 2024இல் வெளிவந்த ‘அமரன்’ திரைப்படம் அவரது வாழ்க்கையைத் தழுவியது.

மூவரும் உடனிருந்த வீரர்களுக்குப் பொறுப்பேற்று நின்றவர்கள். ஒருவர் மறக்கப்பட்டதற்கும் மற்றொருவர் கொண்டாடப்பட்டதற்கும் அவர்களது வீரத்தில் இருந்த வேறுபாடு காரணமன்று. அவர்கள் அனுப்பப்பட்ட போர்களைப் பற்றிய மக்களின் கருத்தே காரணம்.